ஒரு மடக்குக் கூழ்

சாமிக்குக் கண் இருக்கிறதோ இல்லையோ, கோரைமேட்டுக்காரர்களுக்கு இருந்தது. யார் வீட்டு அடுப்பு எந்நேரம் புகைந்தது, யார் மீன்கூடை நிறையப் போய்க் குறையாமல் திரும்பியது, யாருடைய படகு யாருடைய கழிக்குப் பக்கத்தில் நின்றது, எல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி, நடுவில் கொஞ்சம் மணல். அதில் குடிசை போட்டு உட்கார்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பார்கள்? ஏரிக்கு அந்தப் பக்கம் பழவேற்காட்டில் ஒலாந்தாக்காரன், அதாவது டச்சுக்காரன், கோட்டை கட்டிப் பீரங்கி வைத்திருந்தான். அதையும் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் ஊர் முழுக்கப் பார்த்தது துளசிங்கத்தை.

துளசிங்கம் யார் வம்புக்கும் போகாதவன். அவன் செய்த குற்றம் என்று சொன்னால் இரண்டுதான். ஒன்று, அவன் அழுதான். ஆனி மாதம் ஊருக்குள் வந்த அம்மை அவனுடைய ஒரே மகள் செல்லியைக் கொண்டுபோய்விட்டது. அம்மையில் போன பிள்ளைக்கு அழக்கூடாது என்பது அங்கே வழக்கம். ஆத்தா தன் பிள்ளையைத் தானே எடுத்துக்கொண்டாள், அதற்கு ஒப்பாரி வைத்தால் அவளைக் குறை சொன்னதாக ஆகும். தீட்டும் கிடையாது. புதைத்துவிட்டு வந்து குளித்து, மறுநாள் வலையைத் தொட வேண்டியதுதான். துளசிங்கமோ தாழம்புதருக்குப் பின்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். நாலு பேர் பார்த்துவிட்டார்கள்.

இரண்டாவது குற்றம் அதைவிடப் பெரியது. வலை கட்டும் முதல் கழியில் எல்லையம்மனுக்கு மஞ்சள் கயிறு கட்டிவிட்டுத்தான் படகைத் தள்ளுவார்கள். அந்த வாரமே அவன் முறை வந்தது. எனக்குத் தீட்டு, நான் கட்டமாட்டேன் என்று சொல்லிக் கயிற்றை அண்ணன் கோதண்டத்தின் கையில் கொடுத்துவிட்டான்.

பிள்ளை போன துக்கம் என்று விட்டிருக்கலாம். எங்கே விடுவார்கள்? அம்மைச் சாவுக்குத் துக்கம் காப்பது யார்? கோட்டை வேதக்காரர்கள். அம்மனுக்குக் கயிறு கட்டமாட்டேன் என்பது யார்? அதுவும் அவர்கள்தான். ஆகவே துளசிங்கம் தண்ணீர் வாங்கிவிட்டான். தலையில் தண்ணீர் வாங்குவது என்றால் ஒலாந்தாக்காரன் வேதத்தில் சேர்வது என்று அர்த்தம்.

ஊர் பயந்ததற்கும் காரணம் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் கழி ஊன்றி வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். நீர் வற்றி ஓடும்போது இறால் அந்த வழியாகத்தான் கடலுக்கு இறங்கும். எல்லோரும் ஒரே நாளில் கட்டினால் அடிதடிதான் மிஞ்சும் என்று முறை வைத்திருந்தார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. தை மாதம் அம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூழ் காய்ச்சுவார்கள். வீட்டுக்காரன் ஒவ்வொருவனும் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, தன் அடையாளம் கீறிய சிப்பியைப் பானையில் போடுவான். பானையிலிருந்து சிப்பி வெளியே வரும் வரிசைதான் அந்த வருஷத்துப் பாடு. கூழ்தான் சத்தியம். அடுத்தவன் நாளில் வலை கட்டமாட்டேன், அடுத்தவன் கழியைப் பிடுங்கமாட்டேன், மீறினால் ஆத்தா என் கண்ணைக் கேட்கட்டும். முகத்துவாரத்துக்கு இதைத் தவிர வேறு காவல் கிடையாது. வடக்கே ஒரு குப்பத்தில் தண்ணீர் வாங்கியவர்கள் கூழ் குடிக்க மறுத்து, கோட்டைக்குப் போய் முறையிட்டு, சிப்பாய்களோடு வந்து நல்ல இடமாகப் பார்த்துக் கழி ஊன்றினார்கள் என்று ஒரு பேச்சு வந்தது. உண்மையோ பொய்யோ, அதிலிருந்து கோரைமேட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

மார்கழிக் கடைசியில் ஒருநாள், வாடைக்காற்று மணலை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. துளசிங்கத்தின் மனைவி காசியம்மாளும் அவள் ஓரகத்தி குப்பம்மாவும் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மடவை மீனைக் கீறி உப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். குப்பம்மா கோதண்டத்தின் மனைவி. வாயும் கையும் ஒன்றாக ஓடும்.

"ஏ காசி, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத."

"கேளுக்கா."

"செல்லி படுத்துக்கினு இருந்தாளே, அப்போ வேப்பெல கட்டின வூட்டுக்குள்ளேர்ந்து ஒரு ஆளு வெளிய வந்தான். கருப்பு அங்கி. தண்ணிக்குப் போவசொல்ல பார்த்தேன். கோட்டை உபதேசி சந்தியாகுதானே அது?"

காசியம்மாளின் கத்தி மீன் வயிற்றிலேயே நின்றது. பிறகு குடலை வழித்து எறிந்தாள்.

"மீனு ஏன் வர்லைன்னு கேக்க வந்தாருக்கா."

"அம்ம போட்ட வூட்டுக்கா? கூடப்பொறந்த நாங்களே எட்டி நின்னோம்."

"அவுருக்குத் தெரியாது."

"வாசல்ல வேப்பெல தொங்குது, தெரியாதா? கண்ணு அவிஞ்சா பூட்சி? எம் புருசனோட தம்பி வூடாச்சேன்னு இத்தினி நாளு வாயத் தொறக்கல. மெய்யச் சொல்லு. துளசிங்கம்தானே இட்டாந்தது?"

"அவுரு கோயில்ல கெடந்தாரு. வெறுந்தரையில மண்சோறு துன்னுக்கினு. நீயும்தானே பார்த்தே?"

"அத்தான் எனக்கும் புரியல" என்றாள் குப்பம்மா.

புரியாததை அவள் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. பொழுது சாய்வதற்குள் அது ஊர்த்தலைவர் செங்கல்வராயன் காதுக்குப் போய்விட்டது. அவரை நாட்டார் என்பார்கள். மறுநாள் கோதண்டம் தம்பி வீட்டுக்கு வந்தான். துளசிங்கம் கஞ்சியும் சுட்ட சென்னாக்கூனிப் பொடியிறாலும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அண்ணன் உட்காரவில்லை. காசியம்மாள் கலயத்தை நீட்டினாள், வேண்டாம் என்று கையாட்டினான். அந்த வீட்டில் அவன் கஞ்சி வேண்டாம் என்றது அதுதான் முதல் தடவை.

"நாட்டாரு ஒரு வார்த்தை சொல்லிட்டாரு. இந்த வருசம் புருசன் மட்டும் கூழு குடிச்சா போதாதாம். பொண்டாட்டியும் குடிக்கணுமாம்."

"எல்லா வூட்லயுமா, எங்க வூட்ல மட்டுமா?"

"எல்லா வூட்டுக்கும்னுதான் பேரு. உன்ன வெச்சித்தான்டா இது."

"நான் குடிக்கறேன். அவளும் குடிப்பா. இன்னா இப்போ?"

"குடிச்சிடு. குடிக்கலன்னா உன் சிப்பி பானையில வுழாது. உன்கூட ஒரே வலையில கீற எனக்கும் வுழாது. வருசம் பூரா கரையில குந்திக்கினு என் புள்ளைங்க இன்னாத்த துன்னும்?"

"நான் தண்ணி வாங்கினேன்னு நீயும் நம்புறியாண்ணே?"

கோதண்டம் ஏரியைப் பார்த்தான். "கயிறு கட்டமாட்டேன்னியே."

"புள்ளய பொதைச்ச கைண்ணே. மண்ணு கூட காயல. அந்தக் கையால ஆத்தாவுக்கு மஞ்சக் கயிறு கட்டுன்னா எப்பிடி முடியும்? நான் அவ வாசல்ல எப்பிடி கெடந்தேன்னு அவளுக்குத் தெரியும். அவமேல கோவம்ண்ணே. கோவப்படக் கூடாதா? அவளவிட்டா நான் யார்மேல கோவப்படறது?"

"அத்த ஊருக்குச் சொல்லு."

"சொன்னா கேக்கறாங்களா? நீயே கேக்க மாட்டேன்றியே."

காசியம்மாள் கலயத்தைக் கழுவப் போகிறவள் போலப் பின்பக்கம் போய்விட்டாள்.

தண்ணீர் வாங்கியது அவள். அவளையும் சந்தியாகுவையும் தவிர அது யாருக்கும் தெரியாது, புருஷனுக்குக்கூடத் தெரியாது. கோட்டையின் பின்வாசலுக்குக் கூடை சுமந்து மீன் கொடுக்கப் போகிறவள் அவள்தான். செல்லிக்கு முகமெல்லாம் முத்துப் போட்டுக் கண் திறக்க முடியாமல் போனபோது, துளசிங்கம் அம்மன் வாசலில் கிடந்த அதே அந்தி நேரத்தில், அவள் சந்தியாகுவை அழைத்து வந்தாள். ஆத்தாவைக் கேட்டாயிற்று, அவள் வாய் திறக்கவில்லை, இவரையும் கேட்டுப் பார்ப்போமே என்பதுதான் அவள் எண்ணம். ஒரு வீட்டில் நெருப்பு இல்லையென்றால் அடுத்த வீட்டில் கேட்பதில்லையா? அப்படிப் பாதிக் காலை வைத்துக்கொண்டு வரக்கூடாது, வந்தால் முழுதாக வரவேண்டும் என்றார் சந்தியாகு. சரி என்றாள். அந்த நேரத்தில் கழுத்தைக் கொடு என்று கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பாள். தாய் நெற்றியிலும் பிள்ளை நெற்றியிலும் தண்ணீர் வைத்தார், பிள்ளைக்கு ரோசி என்று பேர் சொன்னார். விடியற்காலையில் செல்லி போய்விட்டாள்.

ஆனால் அவர் ஒன்று சொல்லியிருந்தார். பிள்ளை பரலோகத்தில் இருக்கிறாள், நீ உண்மையாக இருந்தால் ஒருநாள் அவளிடம் போய்ச் சேருவாய். அதற்குப் பிறகு காசியம்மாள் உயிரோடு நடமாடியது அந்த ஒரு வார்த்தையால்தான். மீன் கீறும்போது, கூடை சுமக்கும்போது, புருஷன் முதுகைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அழக்கூடாது என்று சொன்ன ஊரில் அவளுக்கு வேறு என்ன கொடுத்தார்கள்?

கூழ் காய்ச்சுவதற்கு முதல்நாள் அவள் மீன்கூடையோடு படகேறிக் கோட்டைக்குப் போனாள். மீன் இறக்கும் கொட்டகையில் சந்தியாகு தனியாக இருந்தார். பேசுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஒரே ஒரு மடக்கு உபதேசியாரே. வாயில வாங்கினு, உள்ள எறக்காம, அப்பால போயி துப்பிடறேன்."

"உள்ள எறங்கறதுல இல்ல தாயி. அத்தினி சனங்க முன்னால கைநீட்டி வாங்கினா, நான் அங்கத்தவன்னு நீயே சொன்னாப்போலதானே?"

"மனசுல உங்க சாமியத்தான் வெச்சிருப்பேன்."

"எங்க சாமிக்குப் பக்கத்துல இன்னொருத்தருக்குப் பாய் போட முடியாது."

"எல்லையாத்தா அப்பிடி சொல்லலியே. அவ கோயில்ல முனீசுவரன் கீறாரு, கன்னிமாருங்க கீறாங்க. யாரையும் போன்னு சொன்னதில்ல."

"ஆத்தா சொல்லமாட்டா. உங்க ஊரு சொல்லுதே, கூழு குடிக்காதவனுக்குப் பாடு இல்லன்னு. அத்துக்கு இன்னா சொல்றே?"

காசியம்மாள் கூடையை இறக்கி வைத்தாள். சந்தியாகு குரலை இன்னும் தணித்தார்.

"எங்கப்பன் ஆயியெல்லாம் இவங்களுக்கு முன்னால வந்த பரங்கிக்காரன் வேதம். மாதாவ கும்புட்டவங்க, இங்க அது ஆவாது. நான் ஒலாந்தா வேதத்துக்கு வந்து எத்தினியோ வருசம் ஆச்சு. போன மாசம் பாதிரியாரு ஆளு வுட்டு என் பொட்டிய கொடைஞ்சி பார்த்தாரு, மாதா சொரூபத்த எங்கனா ஒளிச்சி வெச்சிகிறேனான்னு. என் நெலமை இது. நான் உனக்கு சரின்னு சொல்லி, அத்த எவனாவது போய் ஓதினா?"

"இருந்துச்சா?"

"இன்னாது?"

"பொட்டியில. சொரூபம்."

சந்தியாகு கூடையில் கிடந்த மீனைப் புரட்டிப் பார்த்தார்.

"சரி, அத்த வுடு" என்றாள் காசியம்மாள். "நான் குடிச்சா செல்லி இன்னா ஆவா?"

"ரோசிக்கு ஒண்ணும் ஆவாது. அவ அறியாத புள்ள. அவ எடம் அவளுக்குத்தான். உன்னத்தான் உள்ள வுடமாட்டாங்க."

"அவ வாசல்ல வந்து நின்னுக்கினு என்னத் தேடினா?"

"அப்பிடியெல்லாம் கேக்காத தாயி" என்றவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். யாரோ வரும் சத்தம் கேட்டது. உடனே குரலை உயர்த்தி, "நாளைக்கு இன்னும் பெரிய மீனா கொண்டா, போ!" என்று விரட்டினார்.

அடுத்த நாள் கோயில் முன்னால் ஊரே கூடியது. பெரிய மண்பானையில் கேழ்வரகுக் கூழ், மோர் விட்டு, வெங்காயம் கிள்ளிப் போட்டது. நாட்டார் கொட்டாங்குச்சியில் மொண்டு மொண்டு கொடுத்தார். புருஷன் குடித்ததும் பெண்சாதி குடிக்க வேண்டும், அதன்பிறகு சிப்பி. குப்பம்மா கூழைச் சத்தமாக உறிஞ்சிவிட்டு, உதட்டை நக்கிக்கொண்டு, எல்லோருக்கும் தெரியும்படி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"துளசிங்கம், வாடா."

அவன் வந்தான். நாட்டார் கொடுக்கவில்லை.

"ஆத்தா முன்னால கேக்கறேன். தண்ணி வாங்கினியா?"

"வாங்கல."

"அப்போ உபதேசி உன் வூட்டுக்கு எதுக்கு வந்தான்?"

துளசிங்கம் திகைத்து நின்றான். அப்படி ஒருவர் வந்ததே அவனுக்குத் தெரியாது. தெரியாத முழியைத் திருட்டு முழி என்றே ஊர் எடுத்துக்கொண்டது.

"யாரும் வர்ல" என்றான்.

"வந்தான். பார்த்த கண்ணு கீது."

"மீனு கேட்டு வந்தாரு நாட்டாரே" என்றாள் காசியம்மாள் பின்னாலிருந்து. "நான்தான் இவுருகிட்ட சொல்லல."

துளசிங்கம் திரும்பி அவளைப் பார்த்தான். கூட்டத்தில் ஒருவன் குரல் கொடுத்தான். "அம்மனுக்குப் பயப்படாதவன் என் கழிய புடுங்க மாட்டான்னு யாரு சொல்றது நாட்டாரே? இவனுங்க கோட்டையில போயி நின்னா நாம இன்னா பண்ணுவோம்?" அவன் பேச்சில் பொய் இல்லை, பயம்தான் இருந்தது.

துளசிங்கம் கூழை வாங்கிக் குடித்தான். பிறகு நாட்டார் கொட்டாங்குச்சியை நிரப்பிக் காசியம்மாளிடம் நீட்டினார். எல்லார் கண்ணும் அவள் தொண்டையில் இருந்தது.

குடிக்காவிட்டால் புருஷனுக்குக் கடல் இல்லை, ஏரி இல்லை. கோதண்டத்தின் பிள்ளைகளுக்குக் கஞ்சி இல்லை. குடித்தால் செல்லி இல்லை. கோதண்டம் ஓரமாக நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தான். துளசிங்கம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், இதற்கு இவள் ஏன் இவ்வளவு யோசிக்கிறாள் என்பது போல.

அவர்கள் கேட்டது ஒரு மடக்கு. அவள் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து முழுவதையும் குடித்தாள்.

"வாயத் தெற" என்றார் நாட்டார்.

திறந்தாள். மாட்டுக்குப் பல் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் வாய்க்குள் எட்டிப் பார்க்கிறோமே என்ற கூச்சம் அங்கே ஒருவருக்கும் இல்லை. என்னைக் கேட்டால் அந்தக் கூட்டத்துக்கே சாபம் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. நாட்டார் நிமிர்ந்து, "குடிச்சிட்டா" என்றார். சிப்பி பானையில் விழுந்தது.

"இவ்ளோ அவசரமா எதுக்குக் குடிக்கணும்?" என்று குப்பம்மா பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்.

துளசிங்கத்தின் சிப்பி இரண்டாவதாக வந்தது. இறால் இறங்கும் நாட்களில் அதைவிட நல்ல பாடு கிடைக்காது. கோதண்டம் தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினான், சிரித்தான், கண்ணைத் துடைத்தான். துளசிங்கம் மனைவியைத் தேடினான். அவள் கூட்டத்தில் இல்லை.

தாழம்புதருக்குப் பின்னால், செல்லியைப் புதைத்த மேட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வெயில் தாழ்ந்து, ஏரியில் பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டு மேய்ந்துகொண்டிருந்தன. அவன் நெருங்கி வந்த சத்தம் காற்றில் அவளுக்குக் கேட்கவில்லை.

"செல்லி, அம்மா வரமாட்டேன்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "குடிச்சிட்டேன். வாசல்ல நின்னுக்கினு பார்த்துக்கினு இருக்காத. உள்ள போயி வெளயாடு. அங்க எத்தினியோ புள்ளைங்க இருக்கும். எனக்காகக் காத்துக்கினு இருக்காத கண்ணு."

"எங்க வரமாட்டே?" என்றான் துளசிங்கம்.

அவள் மறைக்கவில்லை. மறைத்து மறைத்து அலுத்திருந்தாள். சந்தியாகு வந்தது, தண்ணீர் வைத்தது, பேர் வைத்தது, நேற்றுக் கேட்டது, இன்று குடித்தது, எல்லாம் சொன்னாள். அவன் மணலில் உட்கார்ந்து கேட்டான். அடிக்கக் கை ஓங்கவில்லை, கத்தவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டான்.

"உயிரு போனது தண்ணி வெச்சதுக்கு முன்னாலயா, அப்பாலயா?"

"அப்பால. தண்ணி வெச்சது அந்தியில. போனது விடியல்ல."

"அப்போ அந்தி வரைக்கும் ஆத்தா பார்த்துக்கினுதான் இருந்திருக்கா."

"அப்பிடிச் சொல்லாத மாமா."

"நான் அவ வாசல்ல கெடக்கேன். அவ முதுகுக்குப் பின்னால நீ இன்னொருத்தர உள்ள இட்டாந்தே. அவளுக்குத் தெரியாதா?"

"புள்ள பொழைக்கட்டும்னுதானே?"

"நானும் அத்துக்குத்தான் கெடந்தேன்" என்றான். எழுந்து மணலைத் தட்டிவிட்டு அவளுக்கு முன்னால் நடந்துவிட்டான்.

மறுநாள் வேறொருவன் பாடு. துளசிங்கம் அன்று வீட்டிலேயே இருந்தான். அவள் வைத்த கஞ்சியைக் குடித்தான், வலையில் அறுந்த கண்ணிகளைப் பார்த்துப் போட்டான், அவள் கடந்து போகும்போதெல்லாம் கண்ணை மட்டும் எடுத்து அவள் பின்னால் அனுப்பினான். ஆறு மாதமாக ஊர் அவனை அப்படித்தான் பார்த்தது. அது எப்படி வலிக்கும் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தும் பார்த்தான்.

அவர்கள் நாள் விடிந்தது. ஏரித் தண்ணீர் கடலுக்கு வற்றி ஓடத் தொடங்கியிருந்தது. படகில் வலையும் கழிகளும் ஏற்றியாயிற்று, முதல் கழி மட்டும் கரையில் கிடந்தது. கோதண்டம் இடுப்பளவுத் தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு நின்றான். துளசிங்கம் மடியிலிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்தான். கழியருகே குனிந்தவன் நிமிர்ந்தான். கஞ்சிக் கலயத்தோடு நின்றிருந்த காசியம்மாளிடம் வந்து கயிற்றை நீட்டினான்.

"நீ கட்டு."

"இன்னாடா இது, பொம்பள கையில?" என்று படகிலிருந்து கோதண்டம் கத்தினான்.

"அவ கட்டட்டும்ணே."

காசியம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். நேற்று முன்தினம் அவள் வாய்க்குள் குனிந்து பார்த்த நாட்டாரின் கண்கள் அவன் முகத்தில் இருந்தன. கலயத்தைக் கீழே வைத்தாள். கயிற்றை வாங்கி, கழியைச் சுற்றி, முடிச்சுப் போட்டாள். கொடுப்பதற்கு அவளிடம் இனி ஒன்றும் மிச்சம் இல்லை.

"கட்டிட்டேன்" என்றாள்.

அவன் குனிந்து முடிச்சை இழுத்துப் பார்த்தான். நின்றது. கழியைத் தோளில் தூக்கி வைத்துத் தண்ணீர் வரைக்கும் போனான். அங்கே நின்று, இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தான்.